எம், பைக்கா, பாயிண்ட்: அச்சு அளவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் பக்க வடிவமைப்பு வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கல்லூரி மலர், ஆய்வேடு, பீடிக் கட்டு லேபிள் என்று எது வந்தாலும் அளவுப் பேச்சு வந்துவிடும். ஈய எழுத்துக் காலத்தில் அச்சகத்தில் இருந்த பெரியவர்கள் எம் கணக்கில் பேசுகிறார்கள். கம்ப்யூட்டரில் பழகிய பிள்ளைகள் பாயிண்ட்டில், அதாவது அங்குலத்தில் ஏறத்தாழ 72-இல் ஒரு பங்கில், பேசுகிறார்கள். வாடிக்கையாளர் அங்குலத்தில் கேட்கிறார். இந்த மூன்றுக்கும் நடுவில் எழும் குழப்பத்தில்தான் பல தாள்கள் வீணாகின்றன. என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எம் என்றால் சரியாக எத்தனை மில்லிமீட்டர்?

எந்த எழுத்தளவுக்கு எம் என்று சொன்னால்தான் மில்லிமீட்டர் சொல்ல முடியும். எம் என்பது எழுத்தின் அளவோடு சேர்ந்து மாறும் அகலம். 10 பாயிண்ட் எழுத்துக்கு ஒரு எம் என்பது 10 பாயிண்ட் அகலம். 18 பாயிண்ட் எழுத்துக்கு அது 18 பாயிண்ட்.

ஈய எழுத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். எழுத்தின் உருவம் ஒரு நீளமான உலோகத் துண்டின் உச்சியில் இருக்கும். அந்தத் துண்டை அச்சகத்தில் பாடி, அதாவது உடம்பு, என்பார்கள். வரி ஓடும் திசையில் அதன் அகலம் எழுத்துக்கு எழுத்து மாறும். மேலிருந்து கீழாக உள்ள அளவு மட்டும் அந்த எழுத்துத் தொகுதி முழுவதற்கும் ஒன்றுதான். 12 பாயிண்ட் எழுத்து என்றால் அந்த அளவு 12 பாயிண்ட் என்று பொருள். அதே அளவை அகலத்துக்கும் எடுத்து ஒரு சதுரம் போட்டால் அதுதான் ஒரு எம். இப்படிச் சதுரமாக வார்த்த, எழுத்தில்லாத துண்டுக்கு எம் குவாட் என்று பெயர். பத்தி தொடங்கும் இடத்தில் வெற்றிடம் விட இதைத்தான் போடுவார்கள். இதில் பாதி அகலம் என்.

லாங் பஜாரில் பூ வாங்கும்போது ஒரு முழம் என்றால் அளப்பவரின் கை நீளம்தான் அளவு. கை மாறினால் முழமும் மாறும். எம் அந்த வகை அளவு. பாயிண்ட்டும், 12 பாயிண்ட் கொண்ட பைக்காவும் டேப்பில் குறித்த அடி, அங்குலம் போல நிலையானவை.

அப்படியானால் எழுத்துக் கோத்த பழைய கம்பாசிட்டர்கள் "24 எம் வரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது எப்படி?

அவர்கள் சொல்லாமல் விட்ட பாதி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வரியின் நீளத்தை எம்மில் சொன்னால் அது 12 பாயிண்ட் எம் என்பது அச்சக வழக்கம். 12 பாயிண்ட் என்பது ஒரு பைக்கா. ஆகவே 24 எம் என்றால் 24 பைக்கா, ஏறத்தாழ நான்கு அங்குலம், அதாவது 10 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். எழுத்து 8 பாயிண்டாக இருந்தாலும் 14 பாயிண்டாக இருந்தாலும் வரி நீளத்துக்கான எம் 12 பாயிண்ட்தான்.

ஆனால் அதே மனிதர் அடுத்த மூச்சில் "பத்திக்கு ஒரு எம் உள்ளே தள்ளு" என்றால், அங்கே அவர் சொன்னது அந்த எழுத்தின் சொந்த எம். ஒரே சொல் இரண்டு வேலை செய்தது. அச்சகத்துக்குள் யாரும் தடுமாறவில்லை. வெளியிலிருந்து வந்தவர்கள்தான் இன்றுவரை தடுமாறுகிறோம். எம் என்று கேட்டால் "எந்த எழுத்தளவுக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். பெரியவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சரியான கேள்வி என்றுதான் நினைப்பார்கள்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? ஆங்கில எழுத்து எம்தானா?

ஆமாம், அந்த எழுத்திலிருந்துதான். ரோமன் எழுத்துக்களில் பெரிய எம் அகலமானது. அதைக் கிட்டத்தட்ட சதுரமான உடம்பில் வார்த்ததால் சதுரத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. லண்டன்காரரான ஜோசப் மாக்ஸன் அச்சுத் தொழில் பற்றி 1683-இல் வெளியிட்ட கையேட்டிலேயே எம் தடிமன் என்றால் எழுத்துடம்பின் உயரத்துக்குச் சமமான தடிமன், என் தடிமன் என்றால் அதில் பாதி என்ற விளக்கம் இருக்கிறது. ஆகவே முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது தொழில்சொல்லாக நிலைத்துவிட்டது.

இன்றைய எழுத்துருக்களில் பெரிய எம் பெரும்பாலும் ஒரு எம்முக்குக் குறைவாகவோ கூடுதலாகவோ இருக்கும். எழுத்தை அளந்து எம் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள், தவறான விடைதான் வரும்.

இரைச்சலான அச்சுக்கூடத்தில் எம், என் இரண்டும் ஒரே மாதிரிக் கேட்கும். அதனால் ஆங்கில அச்சகங்களில் எம் குவாட்டை மட்டன் என்றும் என் குவாட்டை நட் என்றும் அழைத்தார்கள். முதல் ஒலி பொருந்தும்படி வைத்த பெயர்கள்தான், வேறு பொருள் கிடையாது.

எம், என் இரண்டும் கூலிக்கும் அளவாக இருந்தன. கோத்த பக்கத்தின் பரப்பைச் சதுரங்களாகக் கணக்கிட்டு, அமெரிக்காவில் ஆயிரம் எம்முக்கு இவ்வளவு என்றும் இங்கிலாந்தில் ஆயிரம் என்னுக்கு இவ்வளவு என்றும் கம்பாசிட்டருக்குக் கூலி கொடுத்தார்கள்.

தமிழில் அந்த எழுத்தே கிடையாதே. தமிழுக்கு எம் எப்படிப் பொருந்தும்?

நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் எம் எழுத்தைச் சார்ந்ததே அல்ல, உடம்பைச் சார்ந்தது. 12 பாயிண்ட் தமிழ் அச்சுக்கும் 12 பாயிண்ட் ஆங்கில அச்சுக்கும் ஒரே குவாட்டைப் போடலாம். இரண்டு மொழியும் கலந்த பத்திரிகைகளை அப்படித்தான் கோத்தார்கள். சொற்களுக்கு இடையே வைக்கும் ஸ்பேஸ்களும் எம்மின் பின்னங்கள்தான். மூன்றில் ஒரு பங்கு திக், நான்கில் ஒரு பங்கு மிட், ஐந்தில் ஒரு பங்கு தின்.

தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு, அது வேறு இடத்தில் இருக்கிறது. நம் எழுத்துக்கள் அகலத்தில் மிகவும் வேறுபடுகின்றன. "ர" ஒல்லி. "ஞ", "ணை", "ஔ" எல்லாம் நன்றாக இடம் பிடிப்பவை. அதோடு நம் சொற்கள் விகுதி சேர்ந்து சேர்ந்து நீண்டுகொண்டே போகும். "எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கும்" மாதிரி ஒரு சொல் 10 எம் பத்தியில் வந்தால் என்ன ஆகும்? ஒரு சொல்லே வரியை நிரப்பிவிடும், அல்லது அது அடுத்த வரிக்குப் போய் முந்தைய வரியில் பெரிய ஓட்டைகள் விழும். இரண்டு ஓரமும் நேராக வர வேண்டும் என்று கம்ப்யூட்டரிடம் சொன்னால் அது அந்த ஓட்டையை அப்படியே சொற்களுக்கு நடுவில் பங்கு போட்டுவிடும். ஆங்கில இதழைப் பார்த்து அதே பத்தி அகலத்தைத் தமிழுக்கும் வைப்பவர்களை நான் தடுப்பேன். தமிழ் வரிக்கு நீளம் கொஞ்சம் தாராளமாக வேண்டும், அல்லது வலது ஓரத்தை நேராக்காமல் விட்டுவிட வேண்டும்.

பைக்கா என்ற பெயருக்கு என்ன பொருள்?

பாயிண்ட் கணக்கு வருவதற்கு முன்னால் எழுத்தளவுகளுக்கு எண் இல்லை, பெயர்தான். நான்பரேல், மினியன், பிரேவியர், லாங் பிரைமர், பைக்கா, இங்கிலீஷ், கிரேட் பிரைமர் என்று வரிசையாகப் போகும். பிற்காலக் கணக்கில் நான்பரேல் 6 பாயிண்ட், பிரேவியர் 8, லாங் பிரைமர் 10, பைக்கா 12, இங்கிலீஷ் 14, கிரேட் பிரைமர் 18. பல பெயர்கள் தேவாலயப் புத்தகங்களிலிருந்து வந்தவை. பிரேவியர் என்பது பாதிரிமார்கள் தினமும் ஓதும் ஜெப நூலான பிரேவியரியோடும், பிரைமர் என்பது சிறு ஜெபப் புத்தகத்தோடும் தொடர்புடையவை.

பைக்காவும் அந்தக் குடும்பம்தான் என்பது பரவலான கருத்து. எந்தத் திருநாளில் எந்த வழிபாடு என்று சொல்லும் விதிப்புத்தகத்துக்கு லத்தீனில் பைக்கா என்றும் ஆங்கிலத்தில் பை என்றும் பெயர் இருந்தது. இங்கிலாந்தின் முதல் அச்சாளர் வில்லியம் காக்ஸ்டன் 1477 வாக்கில் அச்சடித்த சிறு விளம்பரத் தாள் இத்தகைய பை நூலை மலிவாக வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் அறிவிக்கிறது. லத்தீனில் அதே சொல் கறுப்பும் வெள்ளையுமான ஒரு பறவையையும் குறிக்கும். அடர்த்தியாக அச்சான கறுப்பு வெள்ளைப் பக்கத்தைப் பார்த்து அந்தப் பெயர் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு.

ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் இதற்கு இணையான அளவுக்கு சிசரோ என்று பெயர். ரோமப் பேச்சாளர் சிசரோவின் நூல்களை 1460-களில் இத்தாலியில் ஸ்வைன்ஹைம், பன்னார்ட்ஸ் என்ற இருவர் அச்சிட்டார்கள். அந்தப் பதிப்புகளிலிருந்து பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

பெயர் ஒன்றாக இருந்தும் அளவு ஒன்றாக இல்லை என்பதுதான் அந்தக் காலத்தின் பெரிய தொல்லை. மாக்ஸன் கொடுத்த பட்டியலில் ஓர் அடி நீளத்தில் பைக்கா எழுத்து 75 வரிகள் அடங்கும். இன்றைய பைக்காவில் 72-தான் அடங்கும். ஈய எழுத்து வார்க்கும் ஒரு வார்ப்பகத்தில் வாங்கிய பைக்காவோடு இன்னொரு வார்ப்பகத்தின் பைக்காவைச் சேர்த்துக் கோத்தால் வரி ஏறி இறங்கும். அச்சகக்காரர் ஒரே வார்ப்பகத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தார். வார்ப்பகங்களுக்கு அது வசதியாகவும் இருந்தது.

பாயிண்ட் கணக்கை யார் கொண்டுவந்தார்கள்?

முதலில் பிரெஞ்சுக்காரர்கள். பியேர் சிமோன் ஃபூர்னியே என்ற பாரிஸ் எழுத்து வார்ப்பாளர் 1737-இல் எல்லா எழுத்தளவுகளையும் ஒரே சிறு அலகின் மடங்குகளாக்கிப் பட்டியல் வெளியிட்டார். சிசரோவுக்கு 12 பாயிண்ட் என்று வைத்தவர் அவர்தான். ஆனால் அவருடைய அலகு நாட்டில் புழங்கிய அடி அங்குலத்தோடு நேராகப் பொருந்தவில்லை.

அதைச் சரிசெய்தவர் ஃபிரான்சுவா அம்புருவாஸ் திதோ. 1780-களில் பிரெஞ்சு அரச அங்குலத்தை 72 பங்காக்கி ஒரு பங்கைப் பாயிண்ட் என்றார். பிரெஞ்சு அங்குலம் ஆங்கில அங்குலத்தைவிடப் பெரியது. அதனால் திதோ பாயிண்ட் 0.376 மில்லிமீட்டர் வரும். ஐரோப்பாவின் பெரும்பகுதி அதை ஏற்றுக்கொண்டது. சில ஆண்டுகளில் பிரெஞ்சுப் புரட்சி வந்து, பிரான்ஸ் மீட்டர் முறைக்கு மாறியது. அரச அங்குலம் போயிற்று. அதன்மேல் கட்டிய பாயிண்ட் மட்டும் அச்சகங்களில் உயிரோடு இருந்தது.

நம் ஊருக்கு வந்தது இங்கிலாந்து, அமெரிக்கா வழிப் பாயிண்ட். அதன் கதை ஒரு தீயில் தொடங்குகிறது. 1871-இல் சிகாகோ நகரம் பற்றி எரிந்தபோது மார்டர், லூஸ் என்ற எழுத்து வார்ப்பகமும் அழிந்தது. திரும்ப எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டிய நிலை. அந்த நிறுவனத்தோடு தொடர்புடைய நெல்சன் ஹாக்ஸ் என்பவர், ஒரு பைக்காவுக்கு 12 பாயிண்ட் என்ற முறையில் எல்லா அளவையும் ஒழுங்குபடுத்தலாம் என்று வற்புறுத்தினார். மற்ற வார்ப்பகங்கள் உடனே இறங்கி வரவில்லை. 1886-இல்தான் அமெரிக்க எழுத்து வார்ப்பாளர் சங்கம் ஒப்புக்கொண்டது. இங்கிலாந்தின் வார்ப்பகங்கள் அந்த நூற்றாண்டின் கடைசியில் சேர்ந்துகொண்டன.

ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்டா, 72.27 பாயிண்டா? இரண்டையும் படித்தேன்.

இரண்டும் சரி, காலம்தான் வேறு. 1886-இல் ஒப்புக்கொண்டபோது யாருடைய பைக்காவை எல்லோருக்கும் பொதுவாக வைப்பது என்ற கேள்வி வந்தது. பிலடெல்பியாவின் பெரிய வார்ப்பகமான மெக்கெல்லர், ஸ்மித்ஸ் அண்ட் ஜார்டன் பயன்படுத்திய பைக்காவையே எடுத்துக்கொண்டார்கள். வார்ப்பு அச்சுகளை மாற்றுவது பெரும் செலவு என்பதால், ஏற்கெனவே அதிகம் புழங்கியதைப் பொதுவாக்குவது எளிதாக இருந்தது. அந்தப் பைக்கா அங்குலத்தின் ஆறில் ஒரு பங்குக்கு மயிரிழை குறைவு. 83 பைக்கா சேர்ந்தால் 35 சென்டிமீட்டர். அதனால்தான் அங்குலத்துக்கு 72.27 பாயிண்ட் என்ற ஒழுங்கற்ற எண் வந்தது.

கம்ப்யூட்டர் காலத்தில் இந்த ஒழுங்கின்மையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். 1984-இல் அடோபி நிறுவனம் அச்சுப்பொறிக்குப் பக்கத்தை விவரிக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியைக் கொண்டுவந்தபோது அங்குலத்துக்குச் சரியாக 72 பாயிண்ட் என்று வைத்தது. இன்று நாம் திறக்கும் பேஜ்மேக்கர், இன்டிசைன், வேர்ட் எல்லாம் அந்த 72-ஐத்தான் பின்பற்றுகின்றன.

வேறுபாடு சிறியது. 24 பைக்கா வரியில் பழைய அளவுக்கும் புதிய அளவுக்கும் இடையே அரை மில்லிமீட்டர்கூட வராது. பழைய பில் புத்தகத்தின் கட்டங்களுக்குள் சரியாக விழும்படி புதிதாக அச்சிட வேண்டும் என்றால் மட்டும் கவனியுங்கள். பக்கம் முழுக்க சேர்ந்து கடைசிக் கட்டத்தில் கோடு தள்ளிப் போகும்.

ஒரே 12 பாயிண்ட்தான் வைத்தேன். ஒரு எழுத்துரு பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் தெரிகிறதே, ஏன்?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான், காட்பாடி பக்கமிருந்து ஆய்வேட்டோடு வரும் மாணவர்கள் எல்லோரும் கேட்பார்கள். 12 பாயிண்ட் என்பது கண்ணுக்குத் தெரியும் எழுத்தின் உயரம் அன்று. அந்த எழுத்து உட்கார்ந்திருக்கும் உடம்பின் உயரம். ஈயக் காலத்தில் உடம்பைக் கையால் தொட்டுப் பார்க்க முடிந்தது. இப்போது அது கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம். அதற்குள் எழுத்தை எவ்வளவு பெரிதாக வரைவது என்பது எழுத்துருவை வடிவமைத்தவரின் முடிவு.

தமிழில் இந்த வேறுபாடு இன்னும் அதிகம். மேலே "கி", "கீ" சுழி ஏற வேண்டும், கீழே "கு", "மூ", "ழு" இறங்க வேண்டும். இவை இரண்டுக்கும் இடம் விட்ட பிறகு மிஞ்சியதில்தான் "க"வின் உடல் அமையும். ஒருவர் நிறைய இடம் விடுவார், இன்னொருவர் நெருக்கி வரைவார். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றி லதா எழுத்துருவில் வைத்துப் பாருங்கள். பாயிண்ட் எண் மாறவே இல்லை, ஆனால் பக்க எண்ணிக்கை ஏறியிருக்கும்.

கம்ப்யூட்டர் அந்தக் கட்டத்தையும் எம் என்றுதான் அழைக்கிறது. எழுத்துருக் கோப்புக்குள் ஒரு எம் சதுரம் 1000 பங்காகவோ 2048 பங்காகவோ பிரிக்கப்பட்டிருக்கும். இதற்கு முன்னோடி ஈய எழுத்தை வார்த்துக் கோக்கும் மோனோடைப் இயந்திரம். அதில் ஒரு எம்மை 18 பங்காக்கி ஒவ்வொரு எழுத்துக்கும் இத்தனை பங்கு அகலம் என்று வைத்திருந்தார்கள்.

ஆகவே "தமிழுக்கு 12 பாயிண்ட்" என்று மட்டும் விதி போடுவது போதாது. எந்த எழுத்துருவில் 12 என்றும் சொல்ல வேண்டும். விதி போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பிள்ளைகள் கடைசி வாரத்தில் எழுத்துருவை மாற்றிவிட்டு, பொருளடக்கத்தின் பக்க எண்களைத் திரும்பக் கையால் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

லேபிளில் எழுத்து உயரம் மில்லிமீட்டரில் கேட்கிறார்கள். எத்தனை பாயிண்ட் வைப்பது?

குடியாத்தம், ஆம்பூர் பக்கத்துச் சிறு தொழில்காரர்களுக்கு இது முக்கியம். சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011 அளவு, விலை போன்ற எண்களின் குறைந்தபட்ச உயரத்தை மில்லிமீட்டரில்தான் சொல்கின்றன. அங்கே கணக்கில் வருவது கண்ணுக்குத் தெரியும் எண்ணின் உயரம், உடம்பின் உயரம் அன்று.

பெரும்பாலான எழுத்துருக்களில் எண்ணின் உயரம் பாயிண்ட் அளவில் பத்தில் ஏழு பங்கு அளவுக்கு வரும். 2 மில்லிமீட்டர் எண் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 பாயிண்ட் உடம்பு 2.1 மில்லிமீட்டர் ஆயிற்றே, போதும் என்று நினைத்தால் எண் ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். 8 பாயிண்ட்கூட மயிரிழையில் குறையும். 9 வைத்து, ஒரு பிரதி அச்சிட்டு, ஸ்கேலால் அளந்து பார்த்துவிட்டு வேலையைக் கொடுங்கள்.

லெடிங் என்பது என்ன?

வரிகளுக்கு நடுவில் வைத்த மெல்லிய ஈயப் பட்டைதான் லெட். அதை வைத்து வரிகளை விலக்குவது லெடிங். இன்று ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடி வரை உள்ள மொத்தத்தையே அந்தப் பெயரால் சொல்கிறார்கள். 11 பாயிண்ட் எழுத்தை 15 பாயிண்ட் இடைவெளியில் வைத்தால் "11-க்கு 15" என்போம்.

பக்க எண்ணிக்கையைத் தீர்மானிப்பது எழுத்தளவைவிட இதுதான். 1/8 டெம்மி என்ற அளவுப் புத்தகத்தில் எழுத்துப் பகுதியின் உயரம் 40 எம் என்று வைத்தால் 480 பாயிண்ட். 15 பாயிண்ட் இடைவெளியில் 32 வரி வரும். 12 பாயிண்ட்டில் நெருக்கினால் 40 வரி. தாள் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் தமிழில் மேல் வரியின் "ழு" வாலும் கீழ் வரியின் "கீ" சுழியும் மோதும், கண் அடுத்த வரியைத் தேடி அலையும். வயதானவர்கள் படிக்கும் பக்திப் புத்தகத்தையாவது நெருக்காதீர்கள்.

தமிழில் சிறிய அளவு எழுத்து எப்போது வந்தது?

தாள் செலவுதான் அதற்கு வழிவகுத்தது. தரங்கம்பாடி மிஷனுக்கு ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் 1713-இல் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியவை. அந்த மிஷனைச் சேர்ந்த சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டை அந்த எழுத்தில் அச்சிட்டால் தாள் கட்டுப்படியாகாது என்பதால், தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு வெளிவந்தது.

அடுத்த பெரிய மாற்றம் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னையில் நடந்தது. அமெரிக்கன் மிஷன் அச்சகத்தை நடத்திய பி. ஆர். ஹன்ட் தமிழ் எழுத்துக்களைச் சிறிதாகவும் அழகாகவும் புதிதாகச் செய்வித்தார். 1862-இல் அங்கே அச்சான வின்ஸ்லோவின் தமிழ்–ஆங்கில அகராதியைப் பார்த்தால் அந்த உழைப்பு தெரியும். ஒரு பக்கத்தில் அத்தனை சொற்களையும் விளக்கங்களையும் அடைத்தும் தெளிவு குறையவில்லை. அகராதி மாதிரி ஒரு நூல் அந்த எழுத்தளவு இல்லாமல் ஒரே தொகுதியில் வந்திருக்க முடியாது.

திருவிழா போஸ்டரில் "8 லைன் எழுத்து" என்பார்களே, அது என்ன?

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா மாதிரி பெரிய விழாக்களுக்குச் சுவரொட்டி அடிக்கும்போது மர எழுத்துக்களைப் பயன்படுத்திய காலம் இருந்தது. பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் பாரம் தாங்காது. மர எழுத்தின் உயரத்தை லைன் கணக்கில் சொல்வார்கள். ஒரு லைன் என்றால் ஒரு பைக்கா, 12 பாயிண்ட். 6 லைன் 72 பாயிண்ட், 8 லைன் 96 பாயிண்ட்.

தமிழ்ப் புத்தகங்களின் நூல் விவரப் பக்கத்தில் "எழுத்து: 11 புள்ளி" என்று போடுகிறார்களே?

அந்தப் புள்ளி பாயிண்ட்தான். தாள், அளவு, பக்கம், கட்டுமானம், விலை இவற்றோடு எழுத்தளவையும் போடும் நல்ல பழக்கம் தமிழ்ப் பதிப்பகங்களிடம் இருக்கிறது. எழுத்துருவின் பெயரும் வரி இடைவெளியும் சேர்த்துப் போட்டால் இன்னும் பயன்படும்.

டைப்ரைட்டரில் பைக்கா, எலைட் என்பதும் இதுவேதானா?

பெயர் மட்டும் ஒன்று. டைப்ரைட்டரில் பைக்கா என்றால் அங்குலத்துக்கு 10 எழுத்து, எலைட் என்றால் 12 எழுத்து. அங்கே கணக்கு அகலத்தில். டைப்பிங் வகுப்பில் படித்தவர்கள் இதை அச்சகப் பைக்காவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இணையப் பக்கம் எழுதும்போது சிஎஸ்எஸ்-இல் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழியில்) வரும் எம் எது?

அச்சகத்தின் அதே எம், இடம் மட்டும் மாறியிருக்கிறது. ஓர் இடத்தில் எழுத்தளவு 20 பிக்ஸல் என்றால் அங்கே ஒரு எம் 20 பிக்ஸல். உள்ளே உள்ள பகுதியின் எழுத்தளவை 1.2 எம் என்று வைத்தால் வெளிப் பகுதியின் அளவை 1.2-ஆல் பெருக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் பெருகிக்கொண்டே போய் எழுத்து வீங்கிவிடும். அதைத் தவிர்க்கத்தான் ரெம் என்ற அலகு. அது எப்போதும் பக்கத்தின் மூல எழுத்தளவையே பார்க்கும்.

சிஎஸ்எஸ்-இல் பைக்காவும் இருக்கிறது. ஓர் அங்குலம் 96 பிக்ஸல், ஆறு பைக்கா, 72 பாயிண்ட் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். அப்படியானால் ஒரு பைக்கா 16 பிக்ஸல். நாம் எதுவும் சொல்லாவிட்டால் உலாவிகள் வைக்கும் எழுத்தளவும் அதே 16 பிக்ஸல்தான்.

எல்லாம் மீட்டர் முறைக்கு மாறியபோது அச்சகம் ஏன் மாறவில்லை?

முயற்சிகள் நடந்தன. ஜெர்மனியில் 1879-இல் பெர்டோல்ட் என்பவர் ஒரு மீட்டருக்கு 2660 திதோ பாயிண்ட் என்று கணக்கை நிலைப்படுத்தினார். பாயிண்ட் போகவில்லை, மீட்டரோடு முடிச்சுப் போட்டார்கள், அவ்வளவுதான். ஜப்பானில் ஒளி அச்சுக்கோப்பு வந்தபோது கால் மில்லிமீட்டரை ஓர் அலகாக வைத்துக் க்யூ என்று பெயரிட்டார்கள், அது அங்கே புழக்கத்தில் இருக்கிறது.

மற்ற இடங்களில் மாறாததற்குக் காரணம் எளிது. ஓர் அச்சகத்தின் கேஸில் (எழுத்துப் பெட்டியில்) உள்ள எழுத்து, குவாட், லெட், ரூல் (கோடு போடும் பட்டை), ஸ்டிக் (எழுத்துக் கோக்கும் சட்டம்) எல்லாம் ஒரே அலகின் மடங்குகள். ஒன்றை மாற்றினால் எல்லாவற்றையும் உருக்கி வார்க்க வேண்டும். அதோடு 12 என்ற எண்ணை இரண்டாக, மூன்றாக, நான்காக, ஆறாகப் பிரிக்கலாம். பத்தியை இரண்டாகவோ மூன்றாகவோ வெட்டும் வேலையில் அது மிகவும் கைகொடுக்கும்.

தாத்தா கல்யாணத்துக்கு அச்சடித்த பத்திரிகையை அதே மாதிரி திரும்ப அச்சிட வேண்டும். எப்படி அளப்பது?

எழுத்தை அளக்காதீர்கள், வரியை அளங்கள். அடுத்தடுத்த பதினொரு வரிகளை எடுத்து முதல் வரியின் அடியிலிருந்து கடைசி வரியின் அடி வரை மில்லிமீட்டரில் அளந்தால் பத்து இடைவெளி கிடைக்கும். பத்தால் வகுத்து, வருவதைப் பழைய பாயிண்ட்டின் மில்லிமீட்டர் அளவான 0.3514-ஆல் வகுங்கள். மொத்தம் 52.7 மில்லிமீட்டர் என்றால் ஓர் இடைவெளி 5.27, அது 15 பாயிண்ட். எழுத்து 11-ஆ 12-ஆ என்பதை அப்புறம் இரண்டிலும் ஒரு வரி அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம். வரி நீளத்தைப் பழைய பைக்காவின் மில்லிமீட்டர் அளவான 4.217-ஆல் வகுத்தால் எத்தனை எம் என்பது வரும். பெரும்பாலும் முழு எண்ணாகவே வரும், ஏனென்றால் ஸ்டிக்கை முழு எம்மில்தான் அமைப்பார்கள். விடை 19.8 என்று வந்தால் 20 என்று எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தாள் சுருங்கியிருக்கும்.

எழுத்து வடிவத்தையும் பாருங்கள். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய பத்திரிகை என்றால் "ணை", "லை", "ளை", "னை" துதிக்கை வைத்த பழைய வடிவில் இருக்கும், "ணா", "றா", "னா" ஒரே எழுத்தாகச் சுழிந்திருக்கும். இவற்றைப் புதிய வடிவில் கோத்தால் வரி அகலமே மாறிவிடும். பழைய வடிவம் உள்ள எழுத்துருவைத் தேடி எடுங்கள். அச்சகங்கள் கையிலிருந்த ஈய எழுத்தை ஒரே நாளில் தூக்கிப் போடவில்லை என்பதால், 1978-க்குப் பிறகும் பழைய வடிவத்தில் அச்சானவை உண்டு.

முகவரியில் வட ஆற்காடு மாவட்டம் என்றோ வ.ஆ. ஜில்லா என்றோ இருந்தால் அதைத் திருத்தாமல் அப்படியே விடுங்கள். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது வரை நம் மாவட்டத்தின் பெயர் அதுதான். பத்திரிகையை ஸ்கேன் செய்து கொண்டுவருபவர்கள் பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். படம் அனுப்பும்போது அளவு மாறினாலும் ஸ்கேலைப் பார்த்துச் சரியான எம்மைக் கண்டுபிடித்துவிடலாம்.